நாலாவது துளை

தடாலென்று ஒரு சத்தம். குடிலின் தகரச் சுவர் குலுங்கியது. அடுப்பின் மேலிருந்த காபிக் கெட்டில் ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தது. ஆர்டிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உறைந்த ஏரி வெட்டவெளியாகக் கிடக்க, ஒருவனுக்குப் பனிவண்டியை அடுத்தவர் சுவரில் முட்டித்தான் நிறுத்தத் தெரியும் என்றால், அது அவள் கொழுந்தன் லோவெல்லாகத்தான் இருக்க வேண்டும்.

கதவு திறந்தது. குளிர் முதலில் வந்தது, பின்னால் லோவெல் வந்தான். தோளில், பனியில் துளை போடும் பெட்ரோல் துரப்பணம். போருக்குப் போகிறவன் வாள் ஏந்துவதுபோல அதை ஏந்திக்கொண்டு, தலை இடிக்காமல் குனிய மறந்து, இடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணி, கடையைக் கட்டிட்டீங்களா, இல்ல இன்னும் விளையாடிட்டுதான் இருக்கீங்களா?"

"ரெண்டு துளை முடிஞ்சுது. கதவைச் சாத்து," என்றாள் ஆர்டிஸ்.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த வெண்டல் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். பக்கத்துக் குடில்காரர். இன்றைக்கு அவர்தான் நடுவர்.

நடுவர் வைக்கும் அளவுக்கு விவகாரத்தை முற்றவிட்டது லோவெல்லின் வாய். இலையுதிர் காலத்தில் அவன் அண்ணன் ஓரின் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே லோவெல் வந்து, "பத்திரமா வெச்சிருக்கேன் அண்ணி" என்று ஓரினின் பெட்ரோல் துரப்பணத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பத்திரமாகத்தான் வைத்திருந்தான், திருப்பித் தரும் எண்ணமே இல்லாத பத்திரம். ஏரி உறைந்ததும் ஊர்க்காரர்கள் ஓரினின் மீன்குடிலை வழக்கம்போல இழுத்து வந்து, நீருக்கடியில் கல்திட்டு இருக்கும் அதே இடத்தில் நிறுத்தினார்கள். பெர்ச் மீன் கூட்டம் கூட்டமாய் வரும் இடம். லோவெல்லின் கண் அங்கேதான் இருந்தது.

மினசோட்டாவில் ஏரி யாருக்கும் பட்டா போட்டதில்லை. ஆனால் குடில் நின்ற இடத்தில் இன்னொருவன் வந்து நிற்க மாட்டான். அதற்கு ஒரே நிபந்தனை, துளை திறந்திருக்க வேண்டும். துளை உறைந்து மூடிக்கொண்டு, ஆளில்லாமல் குடில் சும்மா நின்றால் அந்த இடம் போயிற்று. இந்த வழக்கத்தைத்தான் லோவெல் தூண்டில் கடையில் பத்துப் பேர் நடுவில் எடுத்து விட்டான். "பொம்பளை துளை போட முடியுமா? பேசாம குடிலை எனக்குக் கொடுத்துடுங்க. பார்த்துக்கறேன்."

ஆர்டிஸ் அன்றைக்குப் புழு வாங்கப் போயிருந்தாள். புழு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமை மதியத்துக்குள்ள நாலு துளையும் நானே போடறேன். போட்டுட்டா குடில் எனக்கு. போடலேன்னா உனக்கு. ஒரு துளை குறைஞ்சாலும் உனக்குத்தான்."

கடை சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து, பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்து, வந்த மீனைச் செதிலெடுத்துச் சுத்தம் செய்தவள். ஒரு நாளாவது, "நீயும் வாயேன்" என்று இந்தக் குடிலுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பெண்களுக்குக் குளிர் ஆகாதாம். ஓரின் நல்லவன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவனும் மற்ற ஆண்களைப் போலத்தான். இனி தன் துளையில் தன் தூண்டில் தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. குடில் இந்தத் திண்ணைப் பேச்சு வீரனிடம் போவதற்கு அவள் உயிரோடிருக்கும்வரை சம்மதிக்க மாட்டாள்.

பெட்ரோல் இயந்திரத்தின் கயிற்றைச் சுண்டி இழுக்க அவள் தோள்பட்டை இடம் கொடுக்காது. அதனால் அலமாரி மாட்டுவதற்கு வாங்கிய பேட்டரி டிரில்லை எடுத்தாள். அதன் முனையில் பூட்டுவதற்கென்று விற்கும், அவள் இடுப்பு உயரத் திருகுக் கம்பியை வாங்கிப் பூட்டினாள்.

"கேக் மாவு கலக்கற மிஷினா அண்ணி இது?" என்றான் லோவெல்.

"மாவு ரொம்பக் கெட்டி. அதான் பெரிய கரண்டி போட்டிருக்கேன்."

அவள் கோட்டுக்குள் கைவிட்டு, கதகதப்பாக வைத்திருந்த இரண்டாவது பேட்டரியை எடுத்து மாற்றினாள். குளிரில் கிடந்தால் பேட்டரி பாதியில் படுத்துவிடும்.

"அட, முட்டை அடைகாக்கறீங்களா! பெட்ரோலுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஒரு இழுப்பு, ஏரியே அலறும்."

"நீ இப்ப அலறினதே போதும்பா," என்றார் வெண்டல்.

ஆர்டிஸ் குடிலின் தரைப்பலகையில் துளை போடுவதற்காக விட்டிருந்த நாலு மூடிகளில் மூன்றாவதை விலக்கி, காலை அகட்டி நின்று, டிரில்லை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். கிர்ரென்று கம்பி இறங்கியது. வெள்ளைத் துருவல் சுற்றிலும் குவிந்தது. ஒன்றரை அடிப் பனி. டிரில் கையில் திமிறும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தாள், மறுபடி கொடுத்தாள். குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது.

"மூணு," என்றார் வெண்டல்.

இனி ஒரு துளைதான். லோவெல் வாயைத் திறந்தான். வாய் போதாதென்று கையையும் நீட்டினான்.

"துருவலை இப்படியே விட்டா என்ன பிரயோஜனம்? தண்ணியில மிதந்து திரும்ப உறைஞ்சு போகும். கொடுங்க, எப்படி சுத்தம் பண்றதுன்னு காட்டறேன்."

"வேணாம் லோவெல். துருவலை அள்ளக் கரண்டி இருக்கு."

"அண்ணி, நான் பொறந்ததே பனிமேலதான்."

டிரில்லைப் பிடுங்கிக்கொண்டான். கம்பியின் தலையில், டிரில்லை ஒட்டி, துளையைவிட அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"இது என்ன, சட்டி மூடியா? இடிக்குது."

"அதைக் கழட்டாதே. கம்பி நழுவினா துளைக்குள்ள விழாம தடுக்கத்தான் அது."

"நழுவறது உங்க கையில. என் கையில இல்ல."

கம்பியைக் கவ்வியிருந்த 'சக்' பிடியைத் தளர்த்தி, தட்டை உருவி மூலையில் எறிந்தான். கம்பியைத் திரும்பச் செருகி, கையுறை போட்ட கையால் லேசாக முறுக்கினான். கம்பியை முழுநீளத்துக்கும் துளைக்குள் இறக்கினான். துருவலைக் கீழே தள்ளுவதற்கு டிரில்லைப் பின்பக்கமாகச் சுழலும்படி மாற்றி, விசையை ஒரே அமுக்காக அமுக்கினான்.

பின்பக்கம் சுழன்றால் சக்கின் பிடி தளரும். அலமாரி மாட்டுகிற யாருக்கும் தெரியும். லோவெல் அலமாரி மாட்டினதில்லை.

ஒரு 'ப்ளக்'. டிரில் மட்டும் அவன் கையில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூவரும் துளையைப் பார்த்தார்கள். இரண்டு குமிழி வந்தது. அதோடு சரி.

"எங்க போச்சு?" என்றான் லோவெல்.

"மீன் பிடிக்கப் போயிருக்கு," என்றார் வெண்டல்.

ஆர்டிஸுக்குக் காதுமடல் சூடேறியது. கத்தவில்லை. கத்தினால் 'பொம்பளை அழுதா' என்று நாளைக்குத் தூண்டில் கடையில் கதை ஓடும். லோவெல் அதற்குள் சுதாரித்துக்கொண்டான். அந்த வித்தை மட்டும் அவனுக்குக் கைவந்த கலை.

"மட்டமான சாமான் அண்ணி. நான் அப்பவே சொன்னேன். சரி, பேச்சுன்னா பேச்சு. மூணு துளைதான் ஆச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெட்கம் என்ற ஒன்றை ஆண்டவன் பங்கு போட்டபோது இவன் எந்த வரிசையில் நின்றிருந்தானோ!

வெண்டல் வாளியிலிருந்து எழுந்தார். "இரு தம்பி. கம்பியை ஏரிக்குக் காணிக்கை போட்டது நீ. நாலாவது துளைக்கு நீதான் பொறுப்பு. உன் பெட்ரோல் மிஷினைக் கிளப்பி நீயே போடு. போட்டா குடிலைப் பத்தி அப்புறம் பேசலாம். போடலேன்னா குடில் ஆர்டிஸோடது. கடையில யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

ஆர்டிஸ் அவரைத் திகைத்துப் பார்த்தாள். ஒரு துளை, அதைக் கொழுந்தன் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவான். அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? குடில் கையைவிட்டுப் போகிறது என்று மனசு சொன்னது. ஆனாலும் நாலாவது மூடியை அவளே காலால் தள்ளித் திறந்துவிட்டாள்.

"ம், போடு."

லோவெல் இயந்திரத்தை நட்டு வைத்தான். கயிற்றை இழுத்தான். இரும்பு ஒருதரம் இருமியது. மறுபடி இழுத்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினான். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான், கிணற்றில் பார்ப்பதுபோல. பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு வெறிபிடித்தவன்போல இழுத்தான். இயந்திரத்துக்கு மூச்சு வரவில்லை. இவனுக்கு மூச்சு நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கே," என்றாள் ஆர்டிஸ். "ஓரின் அதை முதல்ல தள்ளிட்டுத்தான் இழுப்பான். கொல்லைப்புறத்துல கிளப்பிப் பார்க்கறப்ப பார்த்திருக்கேன்."

"எந்த லீவர்?"

அடுப்பில் விறகு வெடித்தது. ஆர்டிஸ் அவனை மேலிருந்து கீழாக, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"லோவெல், இத்தனை வருஷமா நீ எப்படித்தான் மீன் பிடிச்ச?"

அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஓரின்தான் போட்டுத் தருவான் அண்ணி. அதுவரைக்கும் நான் உள்ள உட்கார்ந்து, நீங்க கொடுத்தனுப்பற சாண்ட்விச்சைச் சாப்பிட்டுட்டு இருப்பேன்."