மிஞ்சிய பத்திரிகைகள்

1

இந்தக் கதை என் தம்பி வீட்டில் நடந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தத் தீவில், எங்கள் டெலானிபூரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். ஊர் வாயில் கிடப்பதைவிட வீட்டுக்கு மூத்தவன் எழுதிவிடுவது மேல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மின்னி பே கரையில் அன்று கடல் அமைதியாக —'

வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை.

2

ஜம்புலிங்கம், துப்பாக்கி சுடும் ஏர்கன் கிளப்புக்குள் நுழைந்தபோது ஒரே சிரிப்பு. (தம்பியானாலும் கதையில் அவனை 'அவர்' என்றே எழுதுவேன்.) ஞாயிறுதோறும் புது விளையாட்டு கண்டுபிடிப்பது அவர் மகள் ப்ரியங்கா. மெழுகுவத்திச் சுடர், நூலில் ஆடும் பிஸ்கட் என்று எதையாவது குறியாக வைப்பாள். இன்று தொங்கியவை அவளுடைய கல்யாணப் பத்திரிகைகள்.

அந்தக் கல்யாணம் நின்றுபோனது. கப்பல் டிக்கெட்டெல்லாம் எடுத்த பிறகு மெயின்லேண்டிலிருந்து ஒரு போன்: தீவில் பெண் எடுப்பதில்லையாம்.

[மாப்பிள்ளை வீட்டார் பெயரை எழுத மாட்டேன். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது இன்னொரு முறை அச்சாகக் கூடாது.]

"ஊர் சிரிச்சது போதலையா? நீயே டிக்கெட் போட்டுக் கூப்பிடுறியா?"

"பீரோ மேல கிடக்கிறதையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்கப்பா. அட்டை கெட்டியா இருக்கு. டார்கெட்டுக்கு ஆகும்."

3

இங்கே ஜம்புலிங்கம் கத்தினார் என்று எழுதி, அடித்துவிட்டேன். எங்கள் வீட்டு ஆண்கள் நாலு பேர் முன்னால் கத்துவதில்லை. (கத்தினார்.)

குறிபார்த்துக்கொண்டிருந்த ஜஸ்டின் துப்பாக்கியைக் கீழே வைத்தான். படகுக்கார ஜேசுதாசனின் மகன் அவன்.

"அங்கிள், குஸ்ஸா மத் கரோ, கோபப்படாதீங்க. ரூலைக் கேளுங்க. கீழ மாப்பிள்ளை பேருக்குத்தான் பாயிண்ட். மேல உங்க பேர்ல பட்டா அவுட். நானே ரெண்டு வாட்டி அவுட்டு."

"யார் போட்ட ரூல்?"

"நான்தான்," என்றாள் ப்ரியங்கா.

அவர் போய் ஒரு பத்திரிகையைக் கையில் பிடித்தார். மேலே அவர் பெயர் கீறல்கூட இல்லாமல் இருந்தது. கீழே மாப்பிள்ளை பெயர் சல்லடை. அதை ஒட்டி அச்சாகியிருந்த மகளின் பெயரும் சல்லடை.

"உன் பேர்ல பட்டா?"

"அதுக்கு ரூல் போடலப்பா."

4

முடிவு ஒன்று: அவர் பத்திரிகைகளை அவிழ்த்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கௌரவமான முடிவு. மூத்தவனாக நான் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு: அவர் துப்பாக்கியை வாங்கித் தன் பெயரைக் குறிவைத்து —

நடந்தது எதுவென்று எனக்குத் தெரியும். எழுதினால் அப்பா, மகள் இருவரில் ஒருவருக்குத் தலைகுனிவு, மறைத்தால் மற்றவருக்கு. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜம்புலிங்கம் அந்தப் பத்திரிகையை விடாமல் நிற்பார். அவர் விட்டால்தான் அடுத்த ஆள் சுட முடியும் என்று, நூலைப் பிடித்தபடி ப்ரியங்காவும் நிற்பாள்.