பேச்சிலர் வாசல்

அபுதாபியில் புதிதாகத் திறந்த கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று, விசிட் விசாவில் வந்து இறங்கிய அன்றே என் மனைவி ஜோதிமணி கேட்டாள். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. அவளுக்கோ மேட்ச் என்றால் சோறு வேண்டாம். டிவியில் தவிர எங்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஊர் திரும்புகிறாள். அதற்குள் ஒரு மேட்சையாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லித்தரப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமாவிலிருந்து கிளம்பினோம். மாலை வகுப்பில் படித்த ஆங்கில வாக்கியங்களை வழியெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். நான் தயார் செய்து போவதை யாரும் கேட்பதில்லை. அன்றும் அப்படித்தான்.

மைதானத்தில் பெண்களைச் சோதிக்கத் தனி வாசல். ஜோதிமணி அதற்குள் போனாள். என்னிடம் வாசல்காரர் கேட்டது ஒன்றுதான்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?"

"பேச்சிலர், பாய்."

மனைவி ஊரில் இருந்தால் இங்கே நாம் பேச்சிலர்தான். ரூம் தேடும்போதும் பூங்கா வாசலிலும் ஐந்து வருடமாக அதையே சொல்லி வாய் பழகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ள, சொன்னது உறைத்தபோது ஆண்கள் மட்டும் இருந்த புல்மேட்டில் நின்றேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குடும்பங்கள். திரும்பி ஓடினேன். வாசல்காரர் கையை விரித்தார். "கலாஸ், பாய்." முடிந்தது என்று அர்த்தம். வெளியே போனால் மறுபடி விடமாட்டார்களாம்.

வலையோரமாக நடந்து அவளைத் தேடினேன். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?"

"கேட்டாங்க. பேச்சிலர்னு சொல்லிட்டேன்."

"அப்ப நான் யாருங்க?"

அவளுக்குக் கோபம் என்றே நினைத்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஒரு மலையாளி காவலாளி என்னை விலக்க வந்துவிட்டார். "லேடீஸ் பக்கம் நிக்கண்டா. இது ஆரு?"

"என் ஃபேமிலி" என்றேன். இங்கே மனைவிக்கு அதுதான் சொல். ரூமில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வாயில் அன்றுதான் வந்தது.

"பின்னெ எந்தா பேச்சிலர் சைடில்?"

"ஒத்தையாவே இருந்து பழகிட்டாருங்க" என்றாள் ஜோதிமணி. "நான் வந்ததே மறந்துபோச்சு."

காவலாளி சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலைக்கு நடுவில் இருந்த கதவைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. "இவிடெத்தன்னெ இருந்தோ" என்று தரையைக் காட்டிவிட்டுப் போனார்.

வலைக்கு இரண்டு பக்கமும் புல்லில் உட்கார்ந்தோம். பக்கத்தில்தான். ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிதான் புரிந்தது. திடீரென்று எல்லோரும் எழுந்தார்கள்.

"என்னாச்சு?"

"அவுட்டுங்க."

"யாரு?"

"நம்மாளுதான். விடுங்க, அடுத்தவன் வர்றான் பாருங்க."

கம்பி இடைவெளியில் இரண்டு விரலை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் மைதானத்தில் இருந்தது. நான் அடுத்தவனைப் பார்க்கவில்லை.

"அங்க பாருங்கன்னா" என்றாள்.