கடைசிப் படிக்கு ஒரு வரி

கட்டிலருகே இருந்த, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை அவர் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதன் சத்தத்தை மகள் நேற்றே அணைக்கச் சொல்லிவிட்டாள். திருப்பும்போது எண்ணைப் பார்த்துவிட்டார். பார்க்காதது போல முகத்தை வைத்துக்கொண்டால் அவளுக்குத் தெரியாமலா போகும்?

"பார்த்துட்டீங்க," என்றாள் மகள், கண்ணை மூடியபடியே.

"கண்ணுல பட்டுருச்சும்மா."

லாரிகளை எடை போடும் மேடையில் காலம் முழுக்க உட்கார்ந்திருந்த மனிதர். எண் தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவருக்கு வாய்த்த மகளோ எண்ணை ஒளித்து வைக்கும் வேலை பார்க்கிறவள். இணையத்தில் ஊர்ப்பட்ட பேர் ஆடும் ஒரு விளையாட்டில், அதில் வரும் ஆட்களால் என்னென்ன முடியும் என்று சொற்களில் எழுதுகிறவள். பலம் எண்பது என்று அதில் இருக்காது; 'சேற்றில் சிக்கிய வண்டியைத் தனியாகத் தள்ளி எடுப்பான்' என்றிருக்கும். பலம் குறைந்தால் வரியும் ஒரு படி இறங்கும்.

"எண்பதுன்னு போட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தச் சுத்தல்?" என்று அவர் கிண்டல் செய்வார்.

"எண்ணைக் காட்டினா எண்ணைத்தான்பா பார்ப்பாங்க. ஆளைப் பார்க்க மாட்டாங்க" என்பாள்.

கூட வேலை பார்க்கும் தோழி ஜன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். விளையாட்டில் மூச்சு குறைவதைச் சொல்லும் வரிகளில் கடைசிப் படி மட்டும் பாக்கி. அதற்குக் கீழே சாவுதான். அதை முடிக்காமல் விடமாட்டேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் காலையிலிருந்து ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை.

"அப்பா... நீங்க சொல்லுங்க. என்னைப் பார்த்து."

மகள் இதுவரை தன் வேலையில் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. முதலும் கடைசியுமாகக் கேட்கிறாள். அதையும் செய்ய முடியாமல் போனால்?

"ரொம்பக் குறைஞ்சிருக்கு," என்றார்.

"அது... வேஷம் போட்ட எண்ணு."

தோழி சிரித்துவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எழுந்திருக்க முடியாது..."

"முடியாததை எழுதறதில்லப்பா... முடியறதை."

அதோடு அவள் பேச்சு நின்றுபோனது. அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது யோசித்து யோசித்து வந்தது. இதில் முடிவதை எங்கே போய்த் தேடுவது? அவளுடைய உதட்டை நனைக்கத் தண்ணீர் எடுக்கலாமென்று எழப் பார்த்தார். அவள் விரல்கள் இறுகின.

"எழுதிக்கோம்மா," என்றார் தோழியிடம். "கையைப் பிடிச்சா, திரும்பப் பிடிச்சுக்குவா."

தோழி எழுதி, மெல்ல வாசித்துக் காட்டினாள். மகளின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. சரி என்றாளா, இன்னும் திருத்த வேண்டும் என்றாளா? வேலை விஷயத்தில் அவளை யார் திருப்திப்படுத்தியிருக்கிறார்கள்! அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

மருந்துக் கடைக்குப் போன மனைவி இன்னும் வரவில்லை. ஜன்னல் வெயில் கட்டிலுக்கு நகர்ந்தது. எப்போது என்று சொல்ல முடியாது, விரல்கள் தளர்ந்தன. அவர் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். தோழி மடிக்கணினியை மூடிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு அழுகை வரவில்லை. ஒரே மகள் போய்விட்டாள் என்பது மட்டும் நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்துகொண்டது.

வாசற்கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவது மனைவியின் வழக்கம்.

"இப்போ எவ்வளவு காட்டுது?"

கருவி கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"கை இன்னும் சூடா இருக்கு," என்றார். "வந்து பிடிச்சுக்கோ."

மருந்துப் பை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து, மகளின் அந்தப் பக்கத்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.