பாய்க் கயிறு

“கட்டைவெரலக் கட்டத் துணி எதுனா குடு சகாயம். வெறச்சிப்போச்சுன்னா அப்பால சேராது” என்றாள் அடுத்த வீட்டுப் பூங்காவனம். அந்தோணிராஜின் இரண்டு கைகளையும் அவன் மார்பின்மேல் சேர்த்துப் பிடித்தபடி பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தாள்.

சகாயம்மாள் புருஷனின் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவன், ஆட்டோ வந்து சேர்வதற்குள் போய்விட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் லேத் முன்னால் நின்ற கை. காய்ப்பு இருந்தது, இரும்புச் சுருள் கிழித்த சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. குறுக்கே ஓடும் தழும்பு என்று எதுவும் இல்லை. இந்தக் கையைத்தான் பத்து வருஷமாக விரித்துக் காட்டி, “பாத்தியா, கடலு போட்ட கையெழுத்து” என்று சேக்காடு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தராவது குனிந்து உற்றுப் பார்த்திருக்கக் கூடாதா?

“துணி இல்லியா?”

“கீது. இரு.”

உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில், பழைய காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்த கயிற்றுத் துண்டை எடுத்தாள். இரண்டு முழம் இருக்கும். நடுவில் மட்டும் கறுத்து, நார் விறைத்திருந்தது. அது அவள் ரத்தம்.

வேண்டுமென்றேதான் எடுத்தாள். என்ன கயிறு என்று யாராவது கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடலாம். அவன் உயிரோடு இருக்கும்வரை அவன் வாயை ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆகையால் அவனுக்குப் பின்னால் ஒரே ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்பதுதான் சனிக்கிழமைதோறும் மாதா முன்னால் அவள் வைத்த வேண்டுதல். மாதா கொடுத்துவிட்டாள்.

கயிற்றை வாங்கிய பூங்காவனம் கட்டத் தெரியாமல் விழித்தாள். “இன்னாடி இது, துணி கேட்டா கவுறு குடுக்கற?”

“அன்னிக்குப் படகுல இருந்த கவுறு.”

அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். அதற்குள் அந்தோணிராஜின் தங்கை செலின், “ஐயோ, அண்ணி!” என்று ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “எங்கண்ணன் உன்னைக் காப்பாத்துன கவுறா? இத்தினி வருசம் பத்திரமா வெச்சிகினு இருந்தியா? இப்பிடியும் ஒரு பொண்டாட்டி உண்டா!”

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து ஓவென்று அழுதார்கள். பூங்காவனம் மூக்கைச் சிந்திவிட்டு, ஏதோ பட்டுநூல் கட்டுவதுபோல் அந்தக் கயிற்றால் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். மேலே ஜெபமாலையைச் சுற்றினாள். செலின் குனிந்து அந்த முடிச்சுக்கு முத்தம் கொடுத்தாள்.

சகாயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் ஜெயிக்கிறானே பாவி!

அது எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. மகள் ஞானகுமாரிக்கு அப்போது ஏழு வயது. அவளைப் பூங்காவனத்திடம் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பழவேற்காட்டுக்குப் போனார்கள். அந்தோணிராஜின் சித்தி மகன் பிரகாசம் அங்கே பாய்மரப் படகு வைத்திருந்தான். “எங்க தாத்தா கடல்ல பொறந்தவரு. ரத்தத்துல கீதுடா” என்று அந்தோணிராஜ் அந்தத் தம்பியிடம் சொல்லி, படகை வாங்கிக்கொண்டு, மனைவியை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கரையோரமாகவே தெற்கே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதாகப் பேச்சு. படகைத் தள்ளிவிடும்போது பிரகாசம் ஒன்றைச் சொன்னான். “பங்குனிக் காத்து சொன்ன பேச்சு கேக்காது அண்ணே. திரும்பிச்சுன்னா பாய்க் கவுத்தை உட்றாத. இழுத்துப் புடிச்சிகினு கரையப் பாத்து வந்துடு.” அண்ணன் சிரித்தான். அண்ணி கேட்டு வைத்துக்கொண்டாள்.

போகும்போது சுகமாகத்தான் இருந்தது. கல்யாணமான பத்து வருஷத்தில் அவள் அவனோடு தனியாக எங்கும் போனதில்லை. அவன் சினிமாப் பாட்டு பாடினான், அவள் தலையில் தண்ணீரைத் தெளித்தான். அவளும் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பத்து மணி வாக்கில் காற்று சுத்தமாக நின்றது. கிழக்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி ஆனது. பிறகு காற்று மறுபக்கத்திலிருந்து ஒரே அறையாக வந்து பாயில் மோதியது. கயிறு அவன் கையில் விறுவிறுவென்று ஓடியது. “சுடுதுடி!” என்று உதறிவிட்டுப் படகின் அடியில் விழுந்து பாய்மரத்தைக் கட்டிக்கொண்டான்.

அவள்தான் பாய்ந்து பிடித்தாள். வழுக்கிக்கொண்டு போன கயிற்றை உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கடல்காரர் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், கையையே அறுத்துவிடும் என்று பிறகுதான் பிரகாசம் சொன்னான். சேக்காட்டுக்காரிக்கு அது எங்கே தெரியும்? சுக்கான் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரத்தம் முழங்கைவரை வழிய, கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவன் வாய்விட்டு வேண்டினான். அலைச் சத்தத்துக்கு மேல் ஒவ்வொரு வார்த்தையாக அவள் காதில் விழுந்தது. “மாதாவே, என்னைக் கரை சேத்துடு. ஒரு உசுருதான் வோணும்னா சகாயத்த எடுத்துக்க. எம் பொண்ணுக்கு நான் வோணும்.”

எடுத்துக்க! வட்டிலிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல்.

படகு மணலில் மோதியது. பிரகாசம் ஓடிவந்து, சதைக்குள் புதைந்திருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்து எடுத்தான். அதற்குள் அந்தோணிராஜ் எழுந்து நின்று, தன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூடியவர்களிடம் கதையை ஆரம்பித்துவிட்டான். பிரகாசம் அண்ணனையும் பார்த்தான், அண்ணியின் கையையும் பார்த்தான், கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தோணிராஜ் அவள் காதோரம் சொன்னான்: “யாராச்சும் கேட்டா, எண்ணெச் சட்டியில பட்டுதுன்னு சொல்லு. ஆம்பள மானம்டி.”

சொன்னாள். ஞானஸ்நான வீட்டில், கல்யாண வீட்டில், ஷிப்டு முடிந்து வந்த ஆட்களோடு டீ குடிக்கும்போது அவன் கதை சொல்வான். இவள் மாதாவைக் கூப்பிட்டு அலறியதை நடித்தே காட்டுவான். அலறியது யார்? ஒரே ஒரு தடவை, செலின் வீட்டுப் பந்தியில், “நீயா கவுறு புடிச்ச?” என்று கேட்டுவிட்டாள். “பாவம், பயத்துல அன்னிக்குக் கலங்குன புத்தி இன்னும் தெளியல” என்றான். பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு ஞானகுமாரி பள்ளிக்கூடத்தில் ‘என் தந்தை’ என்று அந்தக் கதையைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கி வந்தாள். சகாயம்மாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

பதினோரு மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். மந்திரித்த தண்ணீரைத் தெளித்து ஜெபம் சொன்னார். கயிற்றைப் பற்றி அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, பூசைப் பிரசங்கத்துல அந்தப் படகுச் சம்பவத்தைச் சொல்லலாம்னு இருக்கேன். மனைவிக்காக உயிரைக் கொடுக்கத் துணிஞ்சவர். உங்களுக்குச் சம்மதந்தானே?”

அவள் கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் வாய் அடைத்துப் போயிருக்கிறது என்று சாமியார் தலையை ஆட்டிக்கொண்டு போனார். கோயிலில், பலிபீடத்துக்கு முன்னால் ஒரு தடவை சொல்லப்பட்டுவிட்டால் அப்புறம் அதை மாற்ற அவளால் ஆகாது. பூசை மூன்று மணிக்கு. அதற்குள் அவள் சொன்னாலும் யார் நம்புவார்கள்? புத்தி கலங்கியவள் என்று அவன்தான் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறானே.

ஒன்றரை மணிக்குப் பிரகாசம் வந்தான். இரண்டு பஸ் மாறி வந்தவன் வாசலிலேயே, “அண்ணே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். நரைத்துப்போயிருந்தான். பெஞ்சின் பக்கத்தில் வந்து குனிந்தவன் கட்டைவிரல்களைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தான். அழுகை அப்படியே நின்றுவிட்டது. தான் அறுத்த முனை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

பூந்தமல்லியிலிருந்து சவப்பெட்டி வந்து இறங்கியது. எஸ்டேட் ஆட்கள் இருபது பேர் பந்தலுக்குள் வந்து நின்றார்கள். தூக்கி வைப்பதற்கு முன்னால் செலின்தான் ஆரம்பித்தாள். “பிரகாசண்ணே, அன்னிக்கு நீதான கரையில இருந்த. எங்கண்ணன் எப்பிடி வந்து சேந்தாருன்னு இவங்களுக்குச் சொல்லு. கடைசியா ஒரு வாட்டி கேட்டுக்கறோம்.”

“சொல்லு” என்றாள் சகாயம்மாள். காலையிலிருந்து அவள் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். “படகு உன்னுது. நீயே சொல்லு.”

பிரகாசம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டான். “அது... காத்து திரும்பிச்சு. பேய்க் காத்து. நான் கரையில ஓடிகினு வரேன். அண்ணன் பாய்க் கவுத்த...”

சகாயம்மாள் எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள். வலது கையை நீட்டி விரித்தாள். சுண்டு விரலுக்குக் கீழிருந்து கட்டைவிரல் அடிவரை குறுக்கே மூன்று வரி, வெளுத்து, தடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடியது. மூன்று விரல்கள் முழுவதாக நிமிராது. எண்ணெய் பட்டால் சுற்றுச் சுற்றாகவா படும்?

கையை அவள் இறக்கவில்லை.

பிரகாசம் அந்தக் கையைப் பார்த்தான். பெஞ்சின் பக்கம் ஒருதரம் திரும்பினான். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“அண்ணன் புடிக்கல” என்றான். “கவுறு அண்ணி கையில இருந்துது. நான்தான் கத்தி வெச்சி அறுத்தேன். அண்ணன் கீழ படுத்துகினு இருந்தாரு. நான் பத்து வருசமாச் சொல்லாத உட்டது தப்பு. மன்னிச்சுக்க அண்ணி.”

எஸ்டேட் ஆட்களில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். செலின், “செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லுவானா? இதுக்கா இந்தக் கவுத்த எடுத்து வெச்சிகினு இருந்த!” என்று கத்தினாள்.

“இதுக்குத்தான்” என்றாள் சகாயம்மாள்.

வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? பத்து வருஷத்துச் சூடு அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கியது. அவன் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியோடு, பேச முடியாமல், நன்றாகத்தான் படுத்திருந்தான்.

பிறகுதான் மகள் கண்ணில் பட்டாள். ஞானகுமாரி பெஞ்சின் தலைமாட்டில், அப்பாவின் தலைமுடியில் கை வைத்தபடி நின்றிருந்தாள். அந்தக் கையை மெதுவாக எடுத்தாள். அம்மாவிடம் வந்து, நீட்டிய உள்ளங்கையைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, மூன்று வரிகளையும் விரலால் தடவினாள். திரும்பிப் போய் ஜெபமாலையை விலக்கி, கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றை அம்மாவின் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டைவிரல்கள் விறைத்துப்போய் சேர்ந்தபடியே இருந்தன. பூங்காவனம் ஜெபமாலையைத் திரும்பச் சுற்றிவிட்டாள்.

பூசையில் சாமியார் படகைப் பற்றிப் பேசவில்லை. அந்தோணிராஜ் ஒரு நாளும் ஷிப்டுக்குத் தாமதமாகப் போனதில்லை என்று சொன்னார். அது உண்மைதான். கல்லறையில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். சகாயம்மாளும் போட்டாள், இடது கையால்.

வீட்டுக்குத் திரும்பி எல்லோரும் தலை முழுகினார்கள். ஈரப் புடவைகளின் பாரம் தாங்காமல் கொல்லைப்புறத்துக் கொடி பாதியில் அறுந்து கிடந்தது. சகாயம்மாள் மடியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து, அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்துக் கட்டினாள். நிமிராத விரல்களோடு முடிச்சுப் போடுவது எளிதில்லை. ஞானகுமாரி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“அம்மா.”

“ம்.”

“கயிறு உன் கைல இருந்துது. சரி. அப்ப கீழ படுத்துகினு அப்பா இன்னா பண்ணாரு?”

சகாயம்மாளின் கை நின்றது. இது ஒன்றைப் பிரகாசம் அறியமாட்டான், யாரும் அறியமாட்டார்கள். பந்தலில் சொல்லாமல் கடைசிக்கென்று வைத்திருந்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எம் பொண்ணுக்கு நான் வோணும். அந்தப் பொண்ணு எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெபம் பண்ணாரு.”

“உனக்காகவுமா?”

சகாயம்மாள் குனிந்து பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

“எம் பேரையும் சொன்னாரு” என்றாள்.

ஞானகுமாரி முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சகாயம்மாள் வாளியிலிருந்து அவன் காலையில் கட்டியிருந்த லுங்கியை எடுத்து, பிழிந்து, உதறி, புதிதாகக் கட்டிய இடத்தின்மேல் போட்டாள். கொடி கொஞ்சம் தாழ்ந்தது. அறுந்துவிடவில்லை.