கட்டாத பணத்துக்கு ரசீது

மாசி வெயில் ஏறுகிற நேரத்துக்கு விக்ரம் வந்தான். வருடத்தில் இந்த ஒரு மாதம் தவறமாட்டான். ஆபீசில் வரிக்குக் கணக்குக் கேட்பார்கள். அவன் மகள் ஸ்னேகாவின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய ரசீதைக் காட்டினால் பிடிக்கிற வரி குறையும். கட்டியது என் மருமகள் சத்யப்ரியா. லேக் மார்க்கெட் மெஸ்ஸில் விடிகாலையிலிருந்து மாவரைத்து, பாத்திரம் துலக்கிக் கட்டியது. இவன் இதே ஊரில் டாலிகஞ்சில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்து நாலு வருடமாகிறது. பெற்ற மகன்தான், அதற்காக உள்ளதை மறைக்க முடியுமா?

"ஸ்னேகாவோட ஸ்கூல் ரசீதெல்லாம் அவ எடுத்து வெச்சிருக்காளாப்பா?"

"வாசல்லயே வசூலா? உள்ள வா."

போன வருடம்வரை சண்டை வேண்டாமென்று சத்யப்ரியாவும் கொடுத்துவிட்டாள். இப்போது, தகப்பன் கைவிட்ட பிள்ளைக்கு சர்க்கார் மாதாமாதம் உதவி தருகிறதென்று யாரோ சொல்ல, மனுப் போட்டிருக்கிறாள். சர்க்கார் சும்மா கொடுக்கும் என்பதை நான் நம்பவில்லை. இந்த வயது வரை மூட்டை தூக்கியவன், சும்மா வந்த எதையும் பார்த்ததில்லை. ஆனால் அது வந்தால்தான் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் இருப்பாள். "மாமா, அவர் வந்தா ரசீதைக் குடுத்துடாதீங்க. அவரே ஃபீஸ் கட்டறதா ஆபீஸ்ல காட்டிட்டா நமக்கு உதவி கெடைக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போனாள்.

"கட்டினவ அவ, கழிச்சுக்கிறவன் நீயா?" என்றேன்.

"யார் கட்டினா என்னப்பா? அப்பான்னு என் பேருதானே இருக்கு. கவர்மெண்டுக்குப் போற காசு நம்ம வீட்டுல இருக்கட்டுமே."

"எந்த வீட்டுலடா?"

அவன் பதில் சொல்வதற்குள் மனுவை விசாரிக்க வருவதாகச் சொல்லியிருந்த சர்க்கார் ஆபீஸ் பெண் வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவள் வருகிற நாளாகப் பார்த்துத்தான் இவனையும் வரச் சொல்லியிருந்தேன். காகிதத்தை நான் நம்புவதில்லை. ஆளே வந்து சொல்லட்டும்.

"இது யார், மேஷோமஷாய்?" என்று வங்காளத்தில் கேட்டாள். இந்த ஊரில் வயதான ஆளெல்லாம் மேஷோமஷாய், ஆபீஸ் பெண்ணெல்லாம் திதி, அதாவது அக்கா.

"பிள்ளையோட அப்பன், திதி. விட்டுட்டுப் போனவன். ஒரு காசு குடுக்கறதில்ல. அவனையே கேளுங்க" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளத்தில்.

விக்ரமின் முகம் கறுத்தது. "மாட்டி விடறியாப்பா?" என்றான் தமிழில்.

"ஆமா."

அந்தப் பெண் அதிரவில்லை. தினமும் பார்க்கிற முகங்கள் போலிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, பிள்ளைக்கு எதுவும் கொடுப்பதில்லையென்று அவர் கையாலேயே எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டு நிலைமையைச் சோதிக்க அடுக்களைக்குள் போனாள்.

"எழுதிட்டா வரியில காட்ட முடியாதுப்பா."

"காட்டாத."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாடை. எனக்குக் கால் வலித்தது. ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவன் எழுந்து போய்விடுவான் என்று தோன்றியது. தன் பேரை எழுதினான். ஸ்னேகாவின் பேரை எழுதினான். அப்புறம் கை நின்றது. உள்ளே அந்த ஆபீஸ் பெண் அரிசி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. விக்ரம் என் பக்கமாகச் சாய்ந்து, குரலை இறக்கிக் கேட்டான்.

"இப்ப எந்த க்ளாஸ்பா படிக்கறா?"

நான் தாளைக் காட்டினேன். அவன் தாளைப் பார்த்தபடியே இருந்தான். பேனா முனை வைத்த இடத்திலேயே அழுந்தி, தாள் மெல்லக் குழிந்துகொண்டிருந்தது.