சிப்பி போட்ட சேர்ட்

பொம்பிளையள் வரக்கூடாதாம். என்ர பிள்ளையின்ர சாம்பலைக் கரைக்கிற இடத்துக்கு நான் வரக்கூடாதாம்! "நான் பெத்தது, நான் வருவன்" எண்டு சொல்லிப்போட்டு முதல் ஆளாக் காருக்குள்ள ஏறி இருந்திட்டன். என்ர மனுசனும், இவற்ற தமையன் திருநாவுக்கரசு அத்தானும் பிறகுதான் வந்து ஏறிச்சினம்.

விதுஷனுக்கு ஒன்பது வயசு. காய்ச்சலெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. திரும்பி வந்தது இந்தக் குடம்தான்.

காலமை மங்கரேக் கரையில கடல் வத்திக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, இந்த நாட்டின்ர ஆதிச்சனமான மாவோரி மனுசி ஒராள் பிள்ளையளோட குந்தியிருந்து, மணலைக் கிண்டிச் சிப்பி பொறுக்கி வாளிக்குள்ள போட்டுக்கொண்டிருந்தா. இவர் குடத்தோட முழங்கால் தண்ணிக்குள்ள இறங்கீட்டார்.

அந்தச் சிப்பியைக் கண்டதும் எனக்கு அவன்ர சேர்ட் ஞாபகம் வந்துது. விதுஷன்ர பள்ளிக்கூடச் சேர்ட்டில இருக்கிற சின்னம் அதுதான். பள்ளிக்கூடத்தின்ர பேர் தெ பாத்தாக்கா. மாவோரியில, சாப்பாடு சேர்த்து வைக்கிற வீடு எண்டு அர்த்தமாம். அந்த வீடு இந்தக் கடல்தானாம்.

போன வருசம் இவற்ற அப்பாவின்ர சாம்பலை இங்க கரைச்சிட்டு வந்த அண்டைக்கு விதுஷன், நெஞ்சில இருந்த சிப்பியைத் தொட்டுக் காட்டி, இங்கிலீஷில என்னோட சண்டை பிடிச்சவன். சாப்பாடு எடுக்கிற கடலுக்குள்ள செத்த ஆக்களைப் போடக்கூடாதாம், அந்தச் சனத்துக்கு மனம் நோகுமாம். "போடா, பெரிய சாமியார்" எண்டு சிரிச்சன். விடேல்லை, சாப்பிடமாட்டன் எண்டு அடம்பிடிச்சுக் கையை நீட்டினான். அவனைச் சாப்பிட வைக்கிறதுக்காக, இனிமேல் போடமாட்டம் எண்டு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினன்.

"இஞ்சாருங்கோ, போடாதேங்கோ!" எண்டு கத்தினன். சத்தியத்தைச் சொன்னன்.

"உனக்கென்ன விசரே? கரைக்காட்டி பிள்ளையின்ர ஆத்மா அலையும்" எண்டார் அத்தான்.

"அலையட்டும். வீட்டுக்குள்ள, என்னோடயே அலையட்டும்."

இவர் குடத்தோட கரைக்கு ஏறி வந்தார். பிறகு மெல்லமாச் சொன்னார்: "ஓம். என்னட்டையும் சத்தியம் வாங்கினவன்."

ஐயோ, தெரிஞ்சுகொண்டே இறங்கினவர். தமையனுக்கு மறுத்துச் சொல்ல ஏலாமல் இறங்கினவர். எனக்கு அவரை ஏசவும் மனம் வரேல்லை.

குடத்தைப் பின் சீற்றில, விதுஷன் இருக்கிற பக்கம் வைச்சு, பெல்ட்டும் போட்டுவிட்டார். நான் பக்கத்தில இருந்து பிடிச்சுக்கொண்டன்.

வாற வழியில பள்ளிக்கூடத்தடியில கார் நிண்டுது. பிள்ளையள் றோட்டைக் கடக்கினம், எல்லாற்ற நெஞ்சிலயும் சிப்பி. செத்தவீட்டில கூட அழாத என்ர மனுசன் ஸ்டியரிங்கில தலையை வைச்சுக் குழறினார். கடைசிப் பிள்ளையும் கடந்து போச்சுது. கார் அப்பிடியே நிண்டுது.