வைக்கோல் வண்டி வருவதற்குள்

கயிற்றில் தொங்கியபடி பொன்னுரங்கம் மேலே ஏறி வருகிறான், வாயில் ரோஜாக்கொத்து, கீழே பெண்ணின் அப்பா குடையால் அவன் பின்புறத்தில் குத்துகிறார், கொட்டகையே சிரிக்கிறது, மொட்டைமாடித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் அபரஞ்சி, திரையில் அவளுக்குப் பத்தொன்பது வயது, இங்கே இருட்டில் பெஞ்சில் புருஷனாகிவிட்ட அதே பொன்னுரங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு முப்பது, உள்ளங்கை வியர்த்து முந்தானையில் துடைத்துத் துடைத்து முந்தானையே ஈரமாகிவிட்டது, இனி ஒரு நிமிஷம்கூட இல்லை. பேசும் படம் வந்த பிறகு ஊமைப்படத்தை யார் தேடப்போகிறார்கள் என்றிருந்தாள், பேசும் மிஷின் பழுதாகி, சனிக்கிழமைப் பகல் ஆட்டங்களுக்குப் பழைய படப்பெட்டியை எடுத்துவிட்டார்கள், சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவன், நம்ம படம் போடுறான் அபரஞ்சி, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே ஓடி முடிஞ்சுபோச்சு, கெளம்பு என்றான், தலைவலி என்றாள், சிரிச்சா போயிடும் என்றான்.

படம் பிடித்த அன்று வெயில், நாலாவது தடவையாக அதே காட்சி, கயிறு உரசி உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது, வாய்திறந்து சொன்னால் நாளைக்கு வேறொருத்தியைக் கூட்டி வந்துவிடுவார்கள், டைரக்டர் கைக்குட்டையை வீசியதும் கயிற்றை விடவேண்டும், அவன் வைக்கோல் வண்டியில் விழவேண்டும், வண்டி இன்னும் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது, கைக்குட்டை அசையவில்லை, கை எரிகிறது, எரிகிறது. கயிறு நழுவிடுச்சு என்று பிறகு சொன்னாள். அதை அவன் நம்பினான், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான், விழுந்து முறிந்த இடக்கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, நடிப்பு போய், அவளைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருஷமாக அதையே சொல்கிறான்.

இதோ, திரையில் அவளுடைய கை பெரிதாகத் தெரிகிறது, விரல்கள் திறக்கின்றன, நழுவவில்லை, திறக்கின்றன, அவன் காலை உதைத்துக்கொண்டு விழுகிறான், வைக்கோல் வண்டி அப்புறம்தான் வந்து அவனைத் தாண்டி ஓரமாகப் போகிறது, ஜனங்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், பின்வரிசையில் ஒருவன் விசிலடிக்கிறான். நழுவலையே, நீதான விட்டிருக்கே, என்றான் பொன்னுரங்கம், திரையைப் பார்த்தபடியே. ஆமாங்க, கை எரிஞ்சுது, சொன்னா அனுப்பிடுவாங்கன்னு பயம். இத்தன வருசமும் பயமா என்றான். படம் ஓடியது, காதலர்கள் மாட்டுவண்டியில் ஓடிப்போனார்கள், அதில் பொன்னுரங்கத்துக்குப் பதிலாக முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தவன் வேறொரு ஆள்.

கதவுகள் திறந்து வெயில் உள்ளே விழுந்தது, எல்லோரும் எழுந்து போனார்கள், அவன் எழவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கிட்டு வா என்றான், முகத்தில் கோபமா வேறேதாவதா தெரியவில்லை. வாங்கித் திரும்பும்போது அவன் போயிருப்பான் என்றே நினைத்தாள், அதே பெஞ்சில் இருந்தான், முதல் தடவை என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப உன்னைப் பாக்கணும் என்றான். மறுபடி இருட்டு, மறுபடி கயிறு, விரல்கள் திறந்தன, அவன் விழுந்தான், அதற்கு அடுத்த நொடியில் மாடிச் சுவருக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, வாய் கிழியத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, அந்தப் பெண் எதையோ கத்துகிறாள், அதையும் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள், இதை அபரஞ்சியே மறந்திருந்தாள்.

என்ன கத்துறே அங்க, என்று கேட்டான். உங்க பேரைத்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் அதை அவள் வாயால் சொன்னதில்லை, எந்தப் பெண்டாட்டி சொல்வாள். சொல்லு, எனக்குக் கேக்கல, அன்னிக்கும் கேக்கல, என்றான் அவன். சுற்றிலும் சிரிப்பு ஓயவில்லை. பொன்னுரங்கம், என்றாள், குரல் எழும்பாமல், பிறகு இன்னொரு தரம், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி.